சில்வர் பெயிண்ட் அடித்த குழாய்

இன்றைக்குக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு சொட்டு விழவில்லை, உறைந்து கிடந்தது. தர்மபுரி மார்கழி அப்படித்தான். இருக்கிற நாலு முடி வெயில் வரும்வரை பொறுத்துக்கொள்ளும். பாட்டிலைக் கையில் வைத்துத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தபோது மூக்கில் வேறொரு எண்ணெயின் வாடை ஏறியது: பர்னஸ் ஆயில்.

அப்போது அரூர்ப் பக்கம் ஒரு குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு மில்லில் நான் ஸ்டோர் கீப்பர். பாய்லருக்கு அந்த எண்ணெய்தான் தீனி. வெல்லப்பாகு போலக் கெட்டி. தொட்டியில் சூடாக்கி, மில் முற்றம் நெடுக ஓடும் இரும்புக் குழாயில் பம்பு வைத்துத் தள்ளுவோம். பாய்லர்காரர் காதர் பாய் அந்தக் குழாய்க்குக் கோணிச் சாக்கு சுற்றி வைத்திருந்தார். பார்த்தால் ஒடிந்த காலுக்குக் கட்டுப் போட்டது போலிருக்கும்.

திங்கட்கிழமை முதலாளி வருகிறார், மில்லை அழகுபடுத்து என்றார் மேனேஜர். உங்களுக்குச் சொல்வதற்கென்ன, சாக்கை அறுத்துவிட்டு சில்வர் பெயிண்ட் அடிக்கும் யோசனை என்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை, பாய் இல்லாத நேரத்தில், நானே அறுத்தேன், நானே அடித்தேன்.

திங்கள் காலை பாய்லர் பற்றவில்லை. எண்ணெய் குழாய்க்குள் அல்வாவாக நின்றது.

"தொட்டியில எம்பது டிகிரி காட்டுதே பாய், அப்புறம் என்ன?" என்றார் மேனேஜர்.

"அது பொறப்படற எடத்து சூடுங்க. வழியெல்லாம் வெறும் இரும்பு குடிச்சிருது. சாக்க யாருங்க கழட்டுனது?"

நான் போல்ட் எண்ணுவதில் மூழ்கியிருந்தேன்.

"மொதலாளி வர்றப்ப ஸ்டீம் இல்லீன்னா நாளைக்கு நீங்க வர வேணாம்" என்றார் மேனேஜர் பாயிடம்.

பாய் குப்பையிலிருந்து சாக்கைப் பொறுக்கி வந்து மறுபடி சுற்றினார். கிழங்கு உரிக்கும் பெண்கள் அண்டாவில் வெந்நீர் காய்ச்சி அதன்மேல் ஊற்றினார்கள்.

"தல தீவாளிக்கு எங்கூட்டுக்காரருக்குக்கூட இத்தன தண்ணி ஊத்தல."

"உங்கூட்டுக்காரரு இத்தன பளபளன்னு இருந்தாரா?"

பாயும் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் நகர்ந்தது, பாய்லர் உறுமியது.

முதலாளி வந்தார். அவர் கண்ணில் ஸ்டீம் படவில்லை, ஈரச் சாக்குதான் பட்டது.

"என்னய்யா இது அசிங்கமா?"

மேனேஜரின் விரல் பாயைக் காட்டியது.

"அவுத்துடலாங்க" என்றார் பாய். "நாளைக்கு நீங்களே வந்து பத்த வெச்சுக்குங்க." டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு நடந்தவர் திரும்பி வரவேயில்லை. சாக்கு விலகிய இடத்தில் மின்னிய பெயிண்டைப் பார்த்து, யார் அடித்தது என்று கேட்டு, முதலாளி என்னைப் பாராட்டினார். நானும் கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். பாய் தவறிப்போய் வெகுநாள் ஆயிற்றாம். சாக்கை அறுத்தது நான்தான் என்று சொல்ல இப்போது எனக்குத் தைரியம் நிறைய இருக்கிறது. கேட்க வேண்டியவர்தான் இல்லை.