எண்ணெய் தேய்த்தவர் சாலையைக் கடக்கையில்

என் மேசை இழுப்பறையில் ஒரு ரப்பர் பந்து கிடக்கிறது. பழைய கார்களின் ஹாரனில் மாட்டியிருக்குமே, அந்தக் கறுப்புப் பந்து. காய்ந்து வெடித்துவிட்டது. அழுத்தினால் காற்று மட்டும் புஸ்ஸென்று வரும். வீடு பெருக்க வரும் பெண் இரண்டு முறை அதைக் குப்பையில் போட்டாள். இரண்டு முறையும் நானே பொறுக்கி எடுத்துவந்து வைத்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் குற்றாலத்துப் பள்ளி ஒன்றில் டீச்சராகச் சேர்ந்தேன். தென்காசியிலிருந்து ஆசிரியைகள் மூவர் சேர்ந்து ஒரு வாடகைக் காரில் போய்வந்தோம். அதை ஓட்டியவரை ஊரே டிரைவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவர் காரில் ஹாரன் குழல் உண்டு, பந்து கிடையாது. முன்னால் யார் நடந்துபோனாலும் அவர்களாக விலகும்வரை பின்னாலேயே ஊர்ந்துகொண்டிருப்பார். மாட்டுவண்டிக்காரர்கள் எங்களை முந்திப்போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சாரல் காலத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. குற்றாலம் நெருங்கும் வளைவில் மேகம் இறங்கி ரோடே வெள்ளையாகிக் கிடக்கும். அங்கே வண்டியை நிறுத்தி, ஆளில்லாத ரோட்டைப் பார்த்து, போங்க என்று மரியாதையாகக் கையசைப்பார். பிறகு காத்திருப்பார். கண்ணாடிகளை ஏற்றியிருந்தாலும் காருக்குள் நல்லெண்ணெய் வாசனை வரும். மற்ற இரண்டு டீச்சர்களும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்துகொள்வார்கள்.

"யாருக்கு நிக்கிய அண்ணாச்சி?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எண்ணெய் தேச்சவருக்கு டீச்சர். அவருக்குக் காது கேக்காதுல்லா."

குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். காதிலும் விட்டுப் பஞ்சை அடைப்பார்கள். கண் எரியும். தேய்த்துக்கொண்டவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அரைக்கண்ணோடு அருவிக்கு நடப்பார்கள். அப்படி ஒருவர் சில வருஷங்களுக்கு முன் அந்த வளைவில் ரோட்டைக் கடந்திருக்கிறார். அண்ணாச்சி ஹாரன் அடித்தார். அடித்தால் விலகிவிடுவார் என்று பிரேக்கில் கால் வைக்கவில்லை. கார் மோதி அந்த ஆள் அங்கேயே செத்துப்போனார். ஹாரன் அடித்திருக்கிறான், விலகாதது நடந்தவர் தப்பு என்று சொல்லிப் போலீஸில் அண்ணாச்சியை விட்டுவிட்டார்கள். அன்றைக்கே பந்தைப் பிடுங்கி சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டார்.

"ரோட்டுல எறங்குதது தெரியுது டீச்சர். பாதி தூரம் வாராரு. அதுக்குமேல மேகம் மறைச்சிருது. அந்தப் பக்கம் ஏறுனாரான்னு தெரிஞ்சிட்டா எனக்குப் போதும்."

பள்ளிக்கு இன்ஸ்பெக்ஷன் வந்த அன்று எனக்குத் தாமதமாகிவிட்டது. மற்ற இருவரும் முந்தின பஸ்ஸில் போய்விட்டார்கள். வளைவில் அண்ணாச்சி வழக்கம்போல நிறுத்தினார். ஒரு நிமிஷம் போயிற்று, இரண்டு போயிற்று.

"அங்கன யாருமே இல்ல, வண்டிய எடுங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. "ஒங்களுக்குத் தெரியுதா டீச்சர்? ஏறிட்டாரா?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே சொன்னேன், "ஏறிட்டாரு."

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாளே ஹாரனில் பந்து ஏறிவிட்டது. அண்ணாச்சி பாம் பாம் என்று அடித்துக்கொண்டு பறந்தார். நடந்துபோனவர்கள் சேற்றில் துள்ளி விலகினார்கள். மற்ற டீச்சர்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த வளைவில் நல்லெண்ணெய் வாசனை முன்னைவிட அதிகமாக அடித்தது. ஒரு நாள் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நட்டநடு ரோட்டில் ஒரு துண்டு போட்ட தலை. கார் அதன் ஊடே போயிற்று. எதிலும் இடிக்கவில்லை. அண்ணாச்சி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பல வருஷம் கழித்துக் காரை விற்றபோது அந்தப் பந்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையிலதான் டீச்சர் நான் தூங்குதேன்" என்றார். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். நான் பார்க்கவே இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

போன சாரலில் மகன் காரில் என்னைக் கூட்டிப்போனான். வளைவு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். ஓரத்திலிருந்து துண்டு போட்ட தலை இறங்கிற்று. மெதுவாகப் பாதி ரோடு வந்தது. மேகம் மூடிக்கொண்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"யாரும்மா அங்க?"

"எண்ணெய் தேச்சிருக்காருலே. அடிக்காத, அவருக்குக் கேக்காது. ஏறட்டும்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே சொன்னான், "ஏறிட்டாரும்மா. போவோமா?"

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து பந்தைக் கையில் எடுத்தேன். விரல்களில் எண்ணெய் ஒட்டியது.