வாளையார் தாண்டியாச்சுங்க

பாலக்காட்டு மேலாமுறி அங்காடியில் தாவூதைப் பொய்யர் என்று யாரும் சொன்னதில்லை. அவர் சொல்வது பொய் என்று எல்லோருக்கும் தெரியும், அது வேறு விஷயம். அஷ்ரஃப் முதலாளியின் லாரி ஆபீசில் போன் எடுப்பது அவர் வேலை. வெங்காயமும் பூண்டும் வடக்கேயிருந்து ஓசூர், சேலம், கோயமுத்தூர் வழியாக வரும். வரவேண்டிய நேரத்துக்கு மட்டும் வராது. வியாபாரிகள் போனில் வண்டி எங்கே என்று கேட்பார்கள். தாவூத் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார், யோசிக்கவும் மாட்டார்.

"வாளையார் தாண்டியாச்சுங்க."

மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில் தாண்டும். மாநில எல்லையான வாளையார் தாண்டினால் பாலக்காட்டுக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி சில வண்டிகளுக்கு மறுநாள் வரை நீளும். கேட்டவர்கள் போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நமக்காக ஒருத்தர் அங்கே போனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்ற நிம்மதிதான் அவர்களுக்கு வேண்டியது.

இந்தப் பொய் செல்லக்கூடாத இடம் ஒன்று உண்டு. மகன் நஜீம் லாரி ஓட்டியே தீருவேன் என்று நின்றபோது, வேண்டாம் என்று அழுது பார்த்த கௌலத், கடைசியில் மகனை விட்டுவிட்டுப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் சொல்ற வாளையார எங்கிட்டச் சொல்லக் கூடாது. பையன் விசயத்துல ஒரு பொய் சொன்னீங்கன்னு தெரிஞ்சுதுன்னா, அப்பறம் உங்க வாயில வர்ற எதையும் நா நம்பமாட்டனுங்க."

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றார் தாவூத். சத்தியம் முதல் டிரிப்பு முழுக்கத் தாங்கியது. இரண்டாவது டிரிப்பில் அவள் போன் செய்தபோது இவருக்கு வேறு ஏதோ நினைப்பு, வாய் தானாகத் தாண்டிவிட்டது. அந்தப் பக்கம் அவள் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். அதைக் கேட்டுவிட்ட மனுஷனுக்கு அப்புறம் உண்மை பேச மனசு வருமா? அன்றிலிருந்து நஜீமும் தினமும் வாளையார் தாண்டிக்கொண்டிருந்தான்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் முதலாளியின் மகள் முஹ்சினா கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வந்து சேர்ந்தாள். கூடப் படித்த கல்பாத்தி அக்ரகாரத்துப் பையன் நிகிலையும் அழைத்து வந்தாள். பிறைக் காலண்டர் தொங்கிய இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது. ஆபீசுக்கு ஏஐ வரப்போகிறது என்றார்கள்.

முதல் கூட்டத்தில் முதலாளி தன் ஆசைகளைச் சொன்னார். டீசல் திருட்டைக் கண்டுபிடிக்க வேண்டும், டயர் கணக்குப் பார்க்க வேண்டும், மச்சினன் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கேட்கவும் வேண்டும். முஹ்சினா எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு எல்லாவற்றையும் அழித்தாள்.

"அத்தா, மொத புராஜெக்ட் சின்னதா இருக்கணும். ஒரே ஒரு கேள்வி. தினமும் எல்லாரும் கேக்கற கேள்வி. அதுக்கு மெஷின் பதில் சொல்லோணும். அது சரியா வந்தா மத்ததப் பாத்துக்கலாம்."

பிறகு பெரிதாக எழுதினாள்: வண்டி எங்கே?

தாவூத் ஆபீஸ் போனைப் பார்த்தார். அவருடைய செல்போனில் எப்போதும் சார்ஜ் இருக்காது என்பதால் கௌலத் ஆபீஸ் போனுக்குத்தான் அடிப்பாள். அதை இனி மெஷின் எடுக்கும். மெஷினுக்குப் பெருமூச்சைப் பற்றி என்ன தெரியும்?

"பாப்பா, பொம்பளைங்க போன் பண்ணுனா மட்டும் எங்கிட்டக் குடுத்தரலாம்" என்றார்.

"ஏன் மாமா?"

"ஒரு மரியாதைக்குத்தான்."

நல்ல யோசனை என்று சொல்லி, 'பிறகு பார்க்கலாம்' என்ற தலைப்பின் கீழே அதை எழுதிவைத்தாள். அந்தத் தலைப்பின் கீழே போனது எதுவும் திரும்பி வராது என்று தாவூதுக்கு அன்று தெரியாது. வீட்டுக்குப் போய், ஆபீஸ் போன் ரிப்பேர், இனி அதில் கூப்பிடாதே என்று சொல்லிப் பார்த்தார். "போனில்லாம லாரி ஆபீசு எப்படீங்க நடக்குது?" என்று கேட்டுவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழைய பேச்சுகள் வேண்டும் என்றார்கள். அது சுலபமாகக் கிடைத்தது. முதலாளிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது, ஆபீஸ் போனில் வரும் பேச்செல்லாம் பதிவாகிக் கிடந்தது. கேள்வி இப்படி வந்தால் பதில் இப்படி என்று நிகில் அத்தனையையும் கொடுத்துப் பழக்கினான். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லோரும் வந்த பிறகு, முதல் மாதிரியை ஓட்டிக் காட்டினான்.

பூண்டு வண்டி எங்கே என்று கேட்டார்கள். வாளையார் தாண்டியாச்சுங்க என்றது. கோயமுத்தூர் ஒர்க்‌ஷாப்பில் சக்கரம் கழற்றிப் போட்டிருந்த வண்டியைக் கேட்டார்கள். அதுவும் தாண்டியிருந்தது. நாளைக்கு ஆபீஸ் உண்டா என்று முதலாளி கேட்டார். ஆபீசும் வாளையார் தாண்டிவிட்டது.

"மாமா, ஆறு மாசமா நீங்க வேற ஒரு வார்த்தையும் சொல்லலையே" என்றான் நிகில். அவனுக்குக் கோபமில்லை, பார்க்கப்போனால் மரியாதைதான். "நான் என்ன பண்ணுவேன்? அது உங்களை அப்படியே படிச்சுடுத்து."

தாவூதுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. "தங்கமான மெஷினு, இதுமேல கை வெக்காதீங்க, இப்பிடியே உட்ருங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். அவர் கையால் டீ குடித்ததாக அந்த ஆபீசில் யாருக்கும் நினைவில்லை.

டீ குடித்த முஹ்சினா கேட்டாள்: "வண்டியிலெல்லாம் ஜிபிஎஸ் இருக்குதல்ல, அத்தா?"

இருந்தது. இருப்பது முதலாளிக்கே மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது என்பதை அது இத்தனை நாளும் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தது. அதை மெஷினோடு சேர்த்தார்கள். வியாபாரிகளுக்குப் பழகிய குரலாக இருக்கட்டும் என்று தாவூதையே பேசவைத்துப் பதிவு செய்தார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று ஊர்ப் பெயர்களாக வாசித்தார். போனில் சொல்லிப் பழக்கமில்லாத ஊர்கள், நாக்குப் புரளவில்லை. தர்மபுரியை மட்டும் நாலு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. மெஷின் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது மாதிரியைச் சோதிக்கிற அன்று, திரையில் வண்டிகள் பச்சைப் புள்ளிகளாக ஓடின. போன் ஸ்பீக்கரில் இருந்தது. யாரும் குறுக்கே பேசக்கூடாது என்று முஹ்சினா சொல்லியிருந்தாள்.

முதலில் வெங்காய வியாபாரி பாஸ்கல் கூப்பிட்டான். "சேலத்துல இருக்குதுங்க, சாயங்காலம் வந்துருமுங்க" என்றது தாவூதின் குரல்.

"இக்கா," என்றான் பாஸ்கல் மலையாளத்தில், "வண்டி மறிஞ்ஞோ?"

தாவூத் வாயில் வாளையாரைத் தவிர வேறு ஊர் வந்தால் வண்டி கவிழ்ந்துவிட்டது என்றுதானே அவன் நினைப்பான்? "அந்தத் தகவல் எங்கிட்ட இல்லீங்க" என்று மெஷின் அவன் பயத்தை உறுதியாக்கியது. முதலாளி வெளியே போய்த் தன் செல்போனில் அவனைச் சமாதானம் செய்துகொண்டிருந்தபோது அடுத்த மணி அடித்தது.

"நஜீம் வண்டி எங்கீங்க?"

கௌலத். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் தாவூத் அவளிடம் சொல்லியிருந்தார், பையன் வாளையார் தாண்டிவிட்டான் என்று.

"கிருஷ்ணகிரிப் பக்கம் நிக்குதுங்க" என்றது அவர் குரல். "நேத்து சாயங்காலத்துல இருந்து நகரலீங்க."

தாவூத் அப்போதுதான் திரையைப் பார்த்தார். ஒரு புள்ளி மட்டும் சிவப்பாக நின்றது. தன் பொய் பிடிபட்டது அந்த நிமிஷம் அவருக்கு உறைக்கவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து நிற்கிறதே, பையனுக்கு என்ன ஆச்சோ என்பது மட்டும்தான் தோன்றியது.

"ஏன் நிக்குது? பையன் சாப்ட்டானா?"

"அந்தத் தகவல் எங்கிட்ட இல்லீங்க."

தாவூத் பாய்ந்து போனை எடுத்தார். "கௌலத்து, நாந்தான்."

"இத்தன நேரம் பேசுனது ஆருங்க?"

"மெஷினு."

"காத்தால பேசுனது?"

"காத்தால... நாந்தான்." அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. "சும்மா சொன்னேன்."

"இப்ப அவனக் கூப்புட்டுக் கேளுங்க. நா லைன்லயே இருக்கறேன்."

நிகிலின் செல்லை வாங்கி மகனுக்கு அடித்தார். முஹ்சினா அதையும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நஜீமு, எங்கடா இருக்கறே?"

"வாளையார் தாண்டிட்டனத்தா" என்றான் நஜீம். பின்னால் யாரோ சுத்தியலால் இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

ஆபீசில் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. நிகில் மட்டும் திரையில் நின்ற சிவப்புப் புள்ளியை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டான்.

"டேய், உங்கம்மா லைன்ல இருக்கறா."

சுத்தியல் நின்றது. "பேரிங் போயிருச்சும்மா" என்றான் நஜீம். "புதுசு மாட்டிட்டிருக்காங்க. வேற ஒண்ணுமில்ல. சாப்ட்டேன், இட்லி."

"சாப்ட்டயில்ல, அது போதும்" என்றாள் கௌலத். பிறகு தாவூதிடம், சத்தம்கூட உயர்த்தாமல், "இனி உங்களக் கேக்கலீங்க. மெஷினையே கேட்டுக்கறேன். அதும் உங்க கொரல்தானுங்களே" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இரண்டாவது மாதிரி வெற்றி என்று முஹ்சினா பலகையில் எழுதினாள். முதலாளி லட்டு வாங்கி வந்தார். தாவூத் ஒன்றைக் கையில் எடுத்து, கையிலேயே வைத்திருந்தார். வீட்டில் அன்று ராத்திரி சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை.

மறுநாள் நஜீமின் புள்ளி பச்சையானது. தாவூத் காலையிலிருந்து திரைமுன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்தில் கோயமுத்தூர் தாண்டியது. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. புள்ளி வாளையாரைத் தொட்டது, நின்றது, தாண்டியது. இத்தனை வருஷமாக எத்தனையோ வண்டியைத் தாண்டவைத்தவர், ஒரு வண்டி நிஜமாகவே தாண்டுவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். நிகிலின் செல்லை வாங்கி வீட்டுக்குப் போன் செய்தார்.

"கௌலத்து, பையன் வாளையார் தாண்டிட்டான்."

"செரிங்க" என்று அவள் வைத்துவிட்டாள்.

உடனே ஆபீஸ் போன் அடித்தது. மெஷின் எடுத்தது.

"நஜீம் வண்டி எங்கீங்க?"

"வாளையார் தாண்டியாச்சுங்க."

அந்தப் பக்கம் பழைய பெருமூச்சு வந்தது. தாவூத் தன்னுடைய குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டார். வைத்துவிடுவாள் என்று நினைத்தார். வைக்கவில்லை.

"நீங்க சாப்ட்டீங்களா?" என்று மெஷினைக் கேட்டாள் கௌலத்.

"அந்தத் தகவல் எங்கிட்ட இல்லீங்க."

மேசைக்கடியில், அவள் காலையில் கட்டிக்கொடுத்த சோறு திறக்காமல் இருந்தது. தாவூத் போனைக் கையில் எடுத்தார்.

"இன்னும் இல்லே, கௌலத்து" என்றார்.