உடோங் வீதியில் ஜெறோம் இறங்கி ஓடியது

ஜெறோம் போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது என் தலை முழுவதும் கறுப்பு மை பூசியிருந்தது. என் தலைமயிர் இயற்கையிலேயே கறுப்பு என்று இங்கே டார்னெய்ட்டில் உங்கள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன் நான். அது பொய். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நானே பூசிக்கொள்வேன். அன்று என் மனைவி செல்வி கதவைத் தட்டி, "ஜெறோமுக்கு நெஞ்சு நொந்ததாம். அம்புலன்ஸ் வர முதலே முடிஞ்சுதாம்" என்றாள். தண்ணீரை ஊற்றித் துடைத்துக்கொண்டு அப்படியே காரை எடுத்தேன்.

அவனுடைய மனைவி ரீற்றா என்னைக் கண்டதும் பெரிதாக அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்தபடி, "அண்ணை, காதெல்லாம் கறுப்பாக் கிடக்கு. சனம் வரப்போகுது, போய்க் கழுவுங்கோ" என்றாள். "நீங்கள் மை பூசுறது அவருக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

ஜெறோம் அப்படிப்பட்டவன். கோழி வெட்டும் பக்ரறியில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தான். நான் நாள் முழுக்கப் பகிடி விடுவேன், அவன் சிரிப்பான். வேலை தொடங்கும் மணி அடித்தால், "வெளிக்கிட்டாச்சு, இனிப் போய்ச் சேருவம்" என்பான். எதற்கும் அதைத்தான் சொல்வான். மன்னாரில் கலியாணம் முடித்த வருஷமே படகேறி வந்தவன். கையில் தற்காலிக விசா. ஊருக்குப் போனால் அந்த விசா போய்விடும், மனைவியை இங்கே கூப்பிடவும் வழியில்லை. அப்படி இருந்தவர்கள் எல்லோரும் செய்ததைத்தான் அவனும் செய்தான். இருவரும் போகக்கூடிய ஒரு மூன்றாம் நாட்டில் சந்திப்பது என்று முடிவெடுத்தார்கள். சிலர் மலேசியாவுக்குப் போனார்கள், சிலர் தாய்லாந்துக்கு. ரீற்றாவுக்கு விசா சுகமாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதால் ஜெறோம் கம்போடியாவின் தலைநகரம் புனோம் பென்னைப் பிடித்தான். போவதற்கு இமிகிரேஷன் அனுமதியும் வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தான்.

"அண்ணை, நீங்களும் வாறியளோ?"

"உன்ர மனுசியைப் பாக்க நான் ஏன்ரா?"

"பத்து வருஷத்துக்கு மேல போன்லதான் கதைச்சனான். நேர கண்டா என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்ல. பயமாக் கிடக்கு."

இதை வைத்து ஒரு கிழமை முழுக்க அவனை நக்கலடித்தேன். பிறகு லீவு எழுதிக் கொடுத்தேன்.

புனோம் பென் விமான நிலையத்தில் ரீற்றா முதலில் வந்து நின்றாள். தனியாக இரண்டு விமானம் மாறி வந்த மனுசி. ஜெறோம் நடந்துபோய், கையை நீட்டி, வங்கி மனேஜர் மாதிரிக் கை குலுக்கினான்.

"பயணம் சுகமோ?"

"ஓம்."

"சாப்பிட்டனீரோ?"

"ஓம்."

அதோடு அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்று தொடங்கி நடுவில் நடக்கிற வேலை எனக்கு. ஆற்றங்கரை நெடுகக் கொடிகள் பறந்தன, சனம் கூட்டமாக நின்று உடற்பயிற்சி செய்தது. இரண்டு ஆறுகள் வந்து சேரும் இடத்தை நான்தான் அவர்களுக்குக் காட்டினேன். அரண்மனையின் மஞ்சள் கூரையைப் பற்றி நான்தான் கதைத்தேன். மஞ்சள் கோபுரச் சந்தையில் ரீற்றா தமிழில் பேரம் பேசினாள், கடைக்காரி கல்குலேட்டரில் பதில் சொன்னாள். அவர்கள் இருவரும் கதைத்த அளவுக்குக்கூட இந்தப் புருஷனும் பெண்சாதியும் கதைக்கவில்லை. ஹோட்டலில் ரீற்றாவுக்கு ஒரு அறை, ஜெறோம் என்னோடு. "அவவுக்கு வெக்கமா இருக்கும் அண்ணை" என்றான். வெட்கம் யாருக்கு என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் ஆளைக் காணவில்லை என்று தேடிப்போனேன். கீழே வாசலருகே கதிரையில் காலை மடக்கிக்கொண்டு போனில் கதைத்துக்கொண்டிருந்தான். சிரிக்கிறான், கையை ஆட்டுகிறான், "உமக்கு விசரே" என்கிறான். யாரோடு என்று கேட்டேன். மேலே கையைக் காட்டினான். ரீற்றா இரண்டாம் மாடியில் இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் குடும்பம் நடத்தப் பழகியது போனில். நேரே வந்தால் இரண்டு பேரும் அந்நியர். வந்தது ஒரே ஒரு கிழமைக்கு. இப்படியே விட்டால் திரும்பவும் கை குலுக்கித்தான் பிரிவார்கள்.

அடுத்த நாள் உடோங் என்ற மலைக்குப் போக ஒழுங்கு செய்தேன். முந்திய காலத்தில் தலைநகரம் இருந்த இடம், மேலே தூபிகள் நிற்கின்றன. அங்கே ஓட்டோ என்றால் மோட்டார் சைக்கிளின் பின்னால் கொழுவிய வண்டி. இரண்டு பிடித்தேன். முன்னுக்குப் போனதில் ரீற்றா தனிய, பின்னுக்கு நானும் ஜெறோமும். ஏன் இரண்டு என்று இருவரும் கேட்கவில்லை. நகரம் தாண்ட முதலே போன் அடித்தது.

சத்தத்துக்குக் கேட்கவில்லை என்று அவன் ஸ்பீக்கரில் போட்டான். ஆகவே நான் ஒட்டுக் கேட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வயல், தாமரைக் குளம், வரம்பு நெடுகப் பனை. "அந்தா, மாட்டுக்குப் பக்கத்தில நிக்கிற பெடிச்சியைப் பாருங்கோ" என்று அவள் சொல்வாள். எங்கள் வண்டி அந்த மாட்டைத் தாண்டும்போது இவன், "கண்டிட்டன்" என்பான். பனங்கட்டி விற்கும் கொட்டில், சாயம் போட்ட நூல் காய்கிற வேலி, எல்லாவற்றையும் அவள் முதலில் பார்த்தாள், அவன் பிறகு பார்த்தான். அப்படி நாடு பார்த்தவர்களை நான் வேறு எங்கும் காணவில்லை.

பெரிய வீதி முடிந்து செம்மண் பாதையில் இறங்கியபோது ரீற்றாவின் குரல் மாறியது.

"ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லுங்கோ. வந்ததில இருந்து என்ர முகத்தைப் பாக்கிறியள் இல்ல. நான் இன்னும் காத்திருக்கிறதோ? இல்லாட்டி விடுறதோ?"

ஜெறோம் வாயைத் திறந்தான். போன் செத்துப்போனது. முந்திய நாளும் வழி நெடுகவும் கதைத்ததில் சார்ஜ் இல்லை.

"அண்ணை, உங்கட போனைத் தாங்கோ!"

என் போன் காற்சட்டைப் பையில் இருந்தது. "ஹோட்டல்ல விட்டிட்டன்" என்றேன்.

என்னைப் பார்த்தான். முன்னால் போகும் வண்டியைப் பார்த்தான். ஓட்டுநரின் முதுகில் தட்டி நிறுத்தினான். இறங்கி ஓடத் தொடங்கினான். முன் வண்டிக்காரனுக்கு இது தெரியாது, அவன் பாட்டுக்குப் போகிறான். புழுதிக்குள் ஜெறோம், "ரீற்றா! ரீற்றா!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறான். ஒரு செருப்புக் கழன்று கிடந்தது. எங்கள் ஓட்டுநர் சண்டை என்று நினைத்து மெதுவாகப் பின்னால் உருட்டினான். ரீற்றா திரும்பிப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். அவன் ஏறி அவள் பக்கத்தில் இருந்தான். மூச்சு வாங்கியது. என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் பக்கத்தில் போனபோது அவள் அவனுடைய நெற்றிப் புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பை நீட்டினேன்.

"அண்ணை, நீங்கள் முன்னுக்குப் போங்கோ" என்றான்.

அந்தப் பயணத்தில் அவன் என்னைப் போகச் சொன்னது அதுதான் முதல்தடவை. உடோங் மலைப்படி அத்தனையும் தனியாக ஏறி, தனியாக இறங்கினேன். அவர்கள் வரவேயில்லை. பொழுதுபட என் அறைக்கு வந்து தன்னுடைய பையை எடுத்துக்கொண்டு போனான். நான் பகிடி ஒன்று தயாராக வைத்திருந்தேன். ஏனோ விடவில்லை.

பிறகு நிரந்தர விசா வந்து, ரீற்றாவும் வந்து, டார்னெய்ட்டில் அவர்கள் இருந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவர்கள் சண்டை பிடிக்கிற சத்தத்தை அயல் முழுக்க அறியும். ஒருநாள் இதைச் சொல்லிக் கேலி செய்தேன். "போன்ல சமாளிக்கலாம் அண்ணை. பக்கத்தில இருந்தாத்தான் சண்டை பிடிக்கலாம்" என்றான். போதிய காலம் சண்டை பிடிக்க அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்குள்ள கவலை அதுதான்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். முந்தி வரவேற்பறையில் இருந்தபடியே செல்விக்கு எதையும் கத்திச் சொல்வேன். இப்போது எழும்பி, குசினிவரை போய், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். முதல் நாள், "என்ன, காய்ச்சலோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நிறுத்தப்போவதில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க ரீற்றா ஒரு படம் கேட்டாள். புனோம் பென் ஆற்றங்கரையில் நானும் அவனும் நிற்கும் படத்தைக் கொடுத்தேன். அவன் நன்றாகச் சிரித்த படம் அது ஒன்றுதான். என்னை வெட்டிவிடும்படி அச்சடிக்கிற தம்பியிடம் சொன்னோம். வெட்டினார். அவன் தோளில் போட்டிருந்த என் கையை மறந்துவிட்டார். அட்டை உங்கள் எல்லோரிடமும் இருக்கும். அதில் ஜெறோமுக்கு மூன்று கைகள். மணிக்கூடு கட்டியிருப்பது என்னுடையது.