மிருகத்தில் பிழையா?

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சித்தப்பா வவுனியாவிலிருந்து ஒரு டைனோசர் படத்தின் மூன்று பாகங்களையும் சீடியில் கொண்டுவந்து தந்தார். முதல் பாகத்தைப் பத்துத் தரமாவது பார்த்திருப்போம். எனக்கு மூன்றாம் பாகம்தான் பிடித்தது. அதில் கடிபடுகிற ஆட்கள் அதிகம். அக்காவுக்கோ அதில் கோபம்.

“முதல் படத்தில மிருகத்தை அடைச்சு வைச்ச ஆக்களில பிழை. இதில மிருகத்தில பிழையாம். அதைக் கொல்லேக்க நாங்கள் கை தட்டவேணுமாம். இது அந்தப் படத்தின்ர தொடர்ச்சியே?”

நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்த வாரம் யானை எங்கள் வயலுக்குள் இறங்கியது. முற்றிய நெல்லில் பாதி போய்விட்டது. அப்பா சைக்கிளில் போய் ஒரு சுருள் கம்பியோடு திரும்பினார். அதை வயலைச் சுற்றிக் கட்டி வீட்டு மின்சாரத்தை விடப்போகிறார் என்று தெரிந்ததும் அம்மா அழத் தொடங்கினார். மனிதர் தொட்டாலும் சாவுதான்.

அக்கா முற்றத்தில் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, நீங்கள் மூண்டாம் படம் மாதிரிச் செய்யிறியள்.”

“என்ன படம்?”

“வந்து பாருங்கோ. பிறகு கம்பியைக் கட்டுங்கோ.”

அடி விழப்போகிறது என்று நான் குசினிக்குள் ஒளிந்தேன். அப்பா கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து டிவிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். முதல் பாகத்தை முழுதாகப் பார்த்தார். மூன்றாம் பாகத்தையும் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு விளங்காது. அக்கா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்; பாதி அவளுடைய சொந்த வசனம்.

முடிந்ததும் அப்பா சொன்னார்: “முதல் படத்தில அந்த மிருகத்தின்ர பக்கம் ஒரு நியாயம் இருந்தது. மற்றதில வெறும் பல்லுத்தான்.”

பின்னேரமே கம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் அயல் வயல்காரரோடு சேர்ந்து காவல் பரண் கட்டினார். மிஞ்சிய நெல் வீடு வந்து சேர்ந்தது.

டைனோசர்தான் அப்பாவை மாற்றியது என்று பள்ளிக்கூடமெங்கும் சொல்லித் திரிந்தேன். பாதி வயல் போன நாளில் ஒரு மனிதர், பதின்மூன்று வயது மகள் சொல்ல வந்ததைக் கேட்பதற்காக நான்கு மணித்தியாலம் அசையாமல் இருந்தது எனக்கு ஒரு அதிசயமாகவே படவில்லை. எல்லா அப்பாக்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.