இரண்டு முறை இருந்த வரி

சென்ற மாதம் ஒரு காலை தபாலில் கருமாதிப் பத்திரிகை ஒன்று வந்தது. கீழ்பென்னாத்தூர் முத்திரை. அங்கே எனக்கு உறவினர் யாரும் இல்லை. முகவரி மாறி வந்திருக்கும் என்று எண்ணி, கண்ணாடியைத் தேடாமலே மேசைமேல் வைத்துவிட்டேன். மதியம் சாப்பிட்டபின் எடுத்துப் படித்தேன். சிவகாமி, எம்.எஸ்ஸி., வயது நாற்பத்திரண்டு. சிறுநீரகம் கெட்டு, வேலூரில் இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தார் என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது. எரித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. தண்ணீர்ச் சொம்போடு வந்த என் மனைவி, "யாருங்க?" என்று கேட்டாள். "காலேஜ்ல என்கூட வேலை பாத்தவங்க" என்றேன். அந்தப் பதில் போதாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் கல்லூரியில் அப்போது இருந்தவர்களுக்கு அவரை நினைவிருக்கும். இயற்பியல் துறையில் செய்முறை ஆசிரியர். ஒல்லியான, உயரமான பெண். கொண்டையில் பென்சில் செருகியிருப்பார். அதை மறந்துவிட்டு மேசையெல்லாம் தேடுவார். அவருடைய வேலை தற்காலிகம். ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவு வாங்க வேண்டும். அப்பா இல்லை. அக்கா கல்யாணமாகிப் போய்விட்டார். கீழ்பென்னாத்தூரில் அம்மா தனியாக இருந்தார். வேலை நிரந்தரமானால் இங்கேயே ஒரு வீடு பார்த்து அம்மாவை அழைத்து வந்துவிடுவது என்பது சிவகாமியின் ஒரே திட்டம். ஐந்தாம் ஆண்டில் நிரந்தரத்துக்கு அவர் பெயர் மேலே போயிருந்தது. நான் சொல்லப்போவது அந்த ஐந்தாம் ஆண்டில் நடந்தது.

சென்னையில் ஒரு நிறுவனம் புதுக் கணிப்பொறி வாங்கியபோது பழையதை நம் கல்லூரிக்குக் கொடுத்தது. பீரோ அளவு இயந்திரம், மூன்று திரைகள். வரிவரியாக அச்சடிக்கும் பிரிண்டர் மட்டும் வேறொரு கம்பெனியுடையது. கல்லூரியிலேயே குளிர்சாதனம் இருந்த ஒரே அறை அதற்குக் கிடைத்தது. கணிதத்துறைத் தலைவன் என்பதால் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குச் சூத்திரம் தெரியும், இயந்திரம் தெரியாது. சிவகாமிதான் தானாக வந்து, "நான் பாத்துக்கட்டுமா சார்?" என்று கேட்டார். அந்த இயந்திரத்தின் உள்மையமான கெர்னலின் மூல நிரல் முழுதும் காந்த நாடாவில் வந்திருந்தது. மூன்று மாதத்தில் அதை அவர் அச்செடுத்து, பக்கம் பக்கமாகப் பென்சிலோடு படித்து முடித்திருந்தார்.

ஒரு நாள் ஆசிரியர் அறையில், "டிரைவரெல்லாம் ரொம்ப மோசமா இருக்குது சார், சுத்தம் பண்ணணும்" என்று அவர் சொல்ல, தாவரவியல்காரர் ஒருவர், "எந்த டிப்போ டிரைவரும்மா? குளிக்கவே மாட்டேங்கறாரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிவகாமியும் சிரித்தார். கெர்னலுக்குப் பிரிண்டரின் பாஷை தெரியாது. இடையில் நின்று, "இந்த எழுத்தை அடி, முடித்துவிட்டாயா, அடுத்ததைத் தரட்டுமா" என்று பேசும் நிரல்பகுதிதான் டிரைவர். சென்னையில் யாரோ அவசரத்தில் எழுதியது அது. திரைகளுக்கும் பிரிண்டருக்குமாக ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள். ஒரே கணக்கை மூன்று வகுப்புப் பலகைகளில் எழுதிவிட்டு, தப்பை ஒரு பலகையில் மட்டும் திருத்தினால் என்ன ஆகும்? அதுதான் அங்கே ஆகிக்கொண்டிருந்தது. மூன்றையும் பிரித்து, பொதுவானதை ஓரிடத்தில் சேர்ப்பது என்று சிவகாமி தொடங்கினார்.

அவர் வேலை செய்த விதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. முதலில் நீள நோட்டில் என்ன மாற்றப்போகிறோம், ஏன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பிறகு அந்த ஒன்றை மட்டும் மாற்றுவார். கெர்னலை மறுபடி கட்டி இயந்திரத்தில் ஏற்றி, எப்போதும் அடிக்கிற அதே பத்துப் பக்கப் பட்டியலை அச்சடிப்பார். பழைய தாளையும் புதுத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மலை தெரியும் ஜன்னலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். எழுத்தோடு எழுத்து பொருந்தினால்தான் அடுத்த மாற்றம். பௌர்ணமி நாளில் கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நின்றுவிடும். அன்றைக்கும் கூட்டத்தில் நடந்துவந்து, வியர்வையோடு ஜன்னலில் தாளைப் பிடித்து நிற்பார். "ஏம்மா, ஒரே நாள்ல அஞ்சாறு மாத்திட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே?" என்று நான் கேட்டேன். "அஞ்சு மாத்தி ஒண்ணு கெட்டுதுன்னா எது கெட்டுதுன்னு தெரியாது சார். வேல ஜாஸ்தியாயிடும், கம்மியாவாது" என்றார். இன்னொன்றும் சொல்வார்: "குப்பைன்னு தெரியற வரைக்கும் எதுவும் குப்பை இல்ல சார். யாரோ ஏதோ காரணத்துக்குத்தான் எழுதியிருப்பாங்க. காரணம் கெடைக்கட்டும், அப்பறம் எடுக்கலாம்."

இனி என் செயல். ஒரு சனிக்கிழமை, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவர் ஊருக்குப் போயிருந்தார். நான் தனியாக அவருடைய பிரிண்டர் நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில், பிரிண்டரின் நிலையைப் படிக்கும் ஒரு வரி அப்படியே இரண்டு முறை இருந்தது. அடுத்தடுத்து, ஓர் எழுத்துகூட மாறாமல். ஒரே எண்ணை இரண்டு முறை வாசித்தால் அதே எண்தானே? முப்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்து மகிழட்டும் என்று அதில் ஒன்றை எடுத்துவிட்டேன். நோட்டில் எழுதவில்லை. ஒரு வரிக்கு எதற்கு நோட்டு? அவர் செய்வதைப் பார்த்துப் பழகியபடி கெர்னலைக் கட்டி ஏற்றி, ஒரே ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்தேன், சரியாக வந்தது. திங்கட்கிழமை அவர் வரவில்லை. வியாழக்கிழமை வந்தபோது எனக்கு மறந்துவிட்டிருந்தது.

அந்த வாரத்தில்தான் அகமதிப்பெண் பட்டியல் முழுவதையும் அந்தப் பிரிண்டரில் அடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது நுழைவுச்சீட்டுகள் வந்தன. இரண்டு மாணவர்களுக்கு வரவில்லை. நகல் பட்டியலை எடுத்துப் பார்த்தால், நடுவில் அந்த இரண்டு பெயர்களுக்கு உரிய வரிகளே இல்லை. இடைவெளிகூட இல்லாமல் அடுத்த பெயர் வந்திருந்தது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

அவர்களில் ஒருவர் அடி அண்ணாமலை மாணவர். நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று சிவகாமி பிடிவாதம் பிடித்தார்; நானும் போனேன். மாணவரின் தகப்பனார் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"அது ஏங்க, அம்மாம் பேர் இருக்கறப்போ மெஷினு எம் புள்ள பேர மட்டும் முழுங்கிச்சு? பேரு ருசியா இருந்துதா?"

"மெஷின் மேல தப்பில்லீங்க. எங்க மேலதான்" என்றார் சிவகாமி.

"யாரு மேலயோ இருக்கட்டும். பரிச்ச எழுதுவானா மாட்டானா, அதச் சொல்லும்மா."

"எழுதுவாருங்க. நான் போய் சீட்டு வாங்கியாறேன்."

"இந்த சார் என்னா, வாயே தொறக்க மாட்டேங்கறாரு?"

"சார் பெரியவரு, எனக்குத் தொணைக்கு வந்தாரு" என்று சிரித்தபடி சொன்னார் சிவகாமி. சொன்னபடி அடுத்த நாளே பல்கலைக்கழகம் போனார். இரண்டு நாள் அங்கே அறை அறையாக நின்று, இரண்டு சீட்டையும் வாங்கி வந்தார். இருவரும் தேர்வு எழுதினார்கள்.

வந்த கையோடு டிரைவரைப் பிரித்து உட்கார்ந்தார். மறுநாள் பிற்பகல் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "இங்க ரெண்டு தடவை படிக்கணும் சார். மொதல் தடவை படிச்சா பழைய நெலமதான் வரும். படிச்ச ஒடனே அது அழிஞ்சிடும். ரெண்டாவது படிக்கறதுதான் இப்ப இருக்கற நெலம. கண்டக்டர் விசில் மாதிரி. ஒரு விசில் குடுத்தா நிக்கணும், ரெண்டு குடுத்தா போவணும். ரெண்டும் ஒரே சத்தம்தானேன்னு ஒண்ணை விட்டா வண்டி நின்னுடும். இங்க ஒண்ணு இல்லாததால, பிரிண்டர் வயிறு ரொம்பினது தெரியாம அடுத்த வரியைக் குடுத்திருக்குது. அந்த வரி கீழ சிந்திப் போயிடுச்சு." திரையில் அந்த இடத்தில் பென்சிலை வைத்து, "ரெண்டு இருந்துச்சு சார். இப்ப ஒண்ணுதான் இருக்குது" என்றார்.

நான், "அப்படியா?" என்றேன்.

என் வாழ்நாளில் நான் பேசிய மிகக் கேவலமான சொல் அது. அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, நீக்கப்பட்ட வரியை மறுபடி எழுதினார். பத்துப் பக்கமும் அடித்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.

விசாரணைக்கு மூன்று பேரை நியமித்தார்கள்: முதல்வர், அலுவலகக் கண்காணிப்பாளர், நான். குற்றம் செய்தவனே விசாரிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று காலை, போனவுடன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். முதல்வர் நோட்டைப் புரட்டிவிட்டு என்னிடம், "இதுல வேற யாரு கையெழுத்தாவது இருக்குதா சார்?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சிவகாமியைக் கேட்டபோது, "டிரைவர் என் பொறுப்பு சார்" என்று மட்டும் சொன்னார். நான் கோப்பில் கையெழுத்துப் போட்டேன். அந்த ஜூனில் அவருக்கு நிரந்தர உத்தரவு வரவில்லை. தற்காலிக உத்தரவும் வரவில்லை. போகும் நாளில், பென்சில் குறிப்புகளோடு இருந்த பிரிண்டர் டிரைவரின் பதினொரு பக்க அச்சுத்தாளை என் மேசையில் வைத்து, "யாராவது பாக்கணும்னா ஒதவும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அம்மா கீழ்பென்னாத்தூரிலேயே இருந்தார்.

நான் ஓய்வுபெற்ற மறுவருடம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். அவராகத்தான் வந்து பேசினார்.

"நல்லா இருக்கீங்களா சார்? பிரிண்டர் ஓடுதா?"

"ஓடுது. சிவகாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்த வரிய..."

"தெரியும் சார்."

"எப்பத்துலேர்ந்து?"

"அன்னைக்கே. எடுத்த எடத்துல ஒரு காலி வரி விட்டிருந்தீங்க. போர்டுல ஒரு ஸ்டெப்ப அழிச்சா அந்த எடத்த அப்பிடியே விட்டுட்டு கீழதானே எழுதுவீங்க? காலேஜுக்கே தெரியும்."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. வேலூர் வண்டி நகரத் தொடங்கியது, ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகும் எனக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. முதல்வர் மாறிவிட்டார், இனிச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கருமாதிக்குப் போனேன். அம்மா படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அருகில் அமர்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "உங்க பொண்ணு வேலை போனதுக்குக் காரணம் நான்தாம்மா. தப்பு பண்ணது நான், அவங்க இல்ல." அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"அவதான் ஏதோ தப்பா எழுதிட்டேன்னு எங்கிட்ட சொன்னாளே சார். நான்கூட திட்டினேன். பொறுப்பா இருக்க மாட்டியாடின்னு திட்டினேனே."

நான் முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஏ கௌரி, இங்க வாடி. நம்ம புள்ள மேல தப்பில்லியாம். இந்த சார் சொல்றாரு கேளு." மூத்த மகள் ஈரக்கையோடு வந்து நின்றார். "அஞ்சு வருஷம் கழிச்சு, அவ போனப்பறமா சார் உங்களுக்கு வாய் வந்துச்சு?" என்றார். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வுடுடி. சொன்னாரே" என்றார் அம்மா.

கொண்டுபோயிருந்த பதினொரு பக்கத்தையும் அவரிடம் கொடுத்தேன். "எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல அவ கையால எழுதினது எது?" என்று கேட்டார். ஓரங்களில் இருந்த பென்சில் எழுத்துகளை ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். தாள்களை மடியில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே சிவகாமியின் எழுத்து என்று என்னிடம் இப்போது எதுவும் இல்லை. நானாகச் சொல்லிவிடுவேன் என்று அவர் என்மேல் வைத்த எண்ணம் ஒன்றுதான் இருக்கிறது. அவர் இருந்தவரை அதற்கு நான் தகுதியாக நடந்துகொள்ளவில்லை. கல்லூரிக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அவருடைய கோப்பில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் படித்தவர்கள், அவர் கவனக்குறைவானவர் என்று இத்தனை காலம் நினைத்திருந்தவர்கள், அத்தனை பேரும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வரியை எடுத்தவன் நான்.