திறந்து பாப்போம் லா!

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் யாழினி ஒரு பையனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் பிரகாஷ். சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. "பேசிப் பாருங்கமா. நீங்க வேணாம்னா வேணாம்" என்று அதற்கு முந்தின நாளே பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

ஒரே மகள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரைக் கேட்பது? சொந்தக்காரர்களிடம் வாயைத் திறந்தால் மறுநாளே தூரத்து ஊரான குளுவாங் வரைக்கும் செய்தி போய்விடும். அதனால் அன்று ராத்திரியே ரகசியமாக ஏஐ-யிடம் கேட்டேன். பையனின் படிப்பு, வேலை, குடும்பம்... எல்லாவற்றையும் தட்டிவிட்டேன். அடுத்த நொடியே பதில் - "மிகவும் பொருத்தமானவர்."

இவ்வளவு சீக்கிரமாகவா? "எனக்கென்னவோ பிடிக்கவில்லை" என்று சும்மா போட்டுப் பார்த்தேன். "உங்கள் உள்ளுணர்வு சரியே. தவிர்ப்பது நல்லது."

அடப்பாவி! ஒரே நிமிஷத்தில் கல்யாணத்தைப் பேசி முடித்து, முறித்தும் விட்டதே!

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும், "டுரியான் பழம் சாப்பிடப் போலாமா ஆண்ட்டி?" என்றான் பையன். எங்கள் ஊர் உலு திராமில் சாலையோரமாகச் செல்வி என்று ஒருத்தி பழக்கடை போட்டிருக்கிறாள். மூவரும் போனோம்.

பிரகாஷ் ஃபோனை எடுத்தான். பழத்தைக் குச்சியால் தட்டினால், சத்தத்தை வைத்து உள்ளே எப்படியென்று சொல்லுமாம். ஏஐ துணையோடு அவனே செய்த ஆப். தட்டினான். திரையில் பச்சை நிறம் - 'அருமையான பழம்!'

"நீ என்ன சொல்றே செல்வி?" என்றேன்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? உள்ள போயி யாரு பார்த்தா? திறந்து பாப்போம் லா. நல்லா இல்லன்னா வேற தர்றேன்."

வெட்டினாள். சுத்தக் காய்! சுளையை அமுக்கினால் விரல்தான் வலித்தது.

"அலமாக்! போச்சுடா!" என்று சிரித்தாள் யாழினி.

பையன் இப்போது சாக்குச் சொல்வான் என்று காத்திருந்தேன். லாரி சத்தம், குச்சி சரியில்லை, இப்படி ஏதாவது. அவனோ தலையைச் சொறிந்தான். "தப்பா சொல்லிருச்சு ஆண்ட்டி. ஏன்னு எனக்கே தெரியல."

செல்வியின் வியாபாரத்தை யோசித்துப் பாருங்கள். தனக்குத் தெரியாது என்பதால்தான் திறந்து காட்டுகிறாள், மாற்றியும் தருகிறாள். எல்லாம் தெரியும் என்று அடித்துப் பேசுகிறவள் எதற்காகத் திறந்து காட்டப் போகிறாள்? இப்போது எதைக் கேட்டாலும் நொடியில் பதில் வந்துவிடுகிறது. 'தெரியாது' என்று சொல்வதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை!

யாழினி கை கழுவப் போன நேரம் பார்த்து, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "என் பொண்ணக் கடைசி வரைக்கும் சந்தோஷமா வச்சுக்குவியா தம்பி?"

கண்டிப்பாக ஆண்ட்டி, உயிராகப் பார்த்துக்கொள்வேன் ஆண்ட்டி என்று வசனம் வரும் என்று நினைத்தேன். அவன் ஃபோனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டான்.

"தெரியல ஆண்ட்டி. சண்டை வரும். இப்பவே வருது. அவ கோவிச்சுக்கிட்டா பாதி நேரம் எனக்கு ஒண்ணும் புரியமாட்டேங்குது. கேட்டுத்தான் தெரிஞ்சுக்குறேன். பயமாத்தான் இருக்கு."

"யாரக் கேப்பே? ஏஐ-யையா?"

"இல்ல ஆண்ட்டி... அவளையேதான்."

அதுவரை எனக்கிருந்த பயம் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. இந்தப் பையன் தெரியாததைக் கேட்பான். மூடி மறைக்க மாட்டான்.

யாழினி வந்ததும் என் முகத்தையே பார்த்தாள். சரி என்று தலையாட்டினேன். அவள் கண் கலங்க, நானும் கலங்க, செல்வி பாவம், பழம் சரியில்லை என்றுதான் அழுகிறோம் என்று நினைத்து, அவசர அவசரமாக வேறொன்றை வெட்டினாள்.

டுரியான் சரியில்லை என்றால் மாற்றித் தருவார்கள். மாப்பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது... அதனால்தான் கொஞ்சம் பயப்படுகிற ஆளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்!