அவனால் முடியாத ஏரி

சென்னையை அடுத்த நூம்பலில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாத இதழில் நான் ஒரு தொடர்கதை எழுதிவந்தேன். கதாநாயகன் எங்கள் பி பிளாக்கில் குடியிருப்பவன். அவன் வாய்விட்டுச் சொன்னது அப்படியே ஆகிவிடும். எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று கடந்த காலமும் மாறிவிடும். அடுத்து அவன் எதை மாற்றவேண்டும் என்று வாசகர்கள் வாட்ஸப்பில் வாக்களிப்பார்கள். அதை எழுதுவது என் வேலை. எதையும் தேதி போட்டே எழுதிப் பழகியவன் நான். கதையின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலையில் நாளும் மாதமும் இருக்கும்.

மின்வெட்டை ஒழித்தான். பூந்தமல்லி சாலை நெரிசலைக் கரைத்தான். எல்லோருக்கும் கார் நிறுத்த இடம் கொடுத்தான். ஏகப்பட்ட பாராட்டு.

ஐப்பசி மழையில் எங்கள் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அது வடிந்த வாரம் வாக்கெடுப்பு. ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: பக்கத்து ஏரி பழைய முழு அளவுக்குத் திரும்பவேண்டும், அப்புறம் வெள்ளம் நம்மிடம் வராது.

நான் பழைய நில அளவை வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். எங்கள் கட்டடம் நிற்பதே ஏரிக்குள். ஏரி என்றைக்கும் முழுதாக இருந்திருந்தால் பி பிளாக் எழும்பியிருக்காது. அவன் இங்கே குடிவந்திருக்க மாட்டான். வெள்ளத்தைப் பார்த்திருக்க மாட்டான். ஏரி வேண்டும் என்று வாயைத் திறந்திருக்கவும் மாட்டான். அப்படியானால் ஏரியைக் கொண்டுவந்தது யார்? நடந்ததும் நடக்காததுமான அந்த நாளுக்கு நான் என்ன தேதி போடுவது? ஆகவே, 'அவன் சொன்னான்; எதுவும் மாறவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மறுநாளே வந்துவிட்டார். மென்பொருள் வேலையில் இருக்கும் பெண்.

"என்ன சார், கடவுள் மாதிரி இருந்தவரை டம்மி ஆக்கிட்டீங்க?"

"நீங்க கேட்டது நடந்தா, கேட்ட நீங்க இங்க இருக்க மாட்டீங்களேம்மா."

"அவராலதான் எல்லாம் முடியுமே. ஏரியும் இருக்கட்டும், பிளாட்டும் இருக்கட்டும்."

"ஒரே இடத்துலயா?"

"கதைதானே சார்! மாத்திக் குடுங்க. இல்லன்னா தொடரை நிறுத்த வேண்டியதுதான்."

அந்தக் 'கதைதானே'தான் எனக்கு ஆகாது. இந்த வகைக் கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். மலையைப் பெயர்ப்பவனை நம்புவேன், செத்தவனை எழுப்புபவனையும் நம்புவேன். நிறைந்த ஏரியின் அடியில் நனையாத வீடு என்பதை என்னால் மனத்தில் வரைந்துபார்க்கக்கூட முடியவில்லை. வெறும் வார்த்தைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு, அதைச் செய்துகாட்டவில்லை என்று அவனை எப்படிக் குறை சொல்வது?

மாலையில் என்னோடு நடக்க வரும் உள்ளூர் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் குடும்பத்துக்கு அந்த ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது.

"இன்னா நைனா, ஊரே கேக்குது, எய்திக் குட்த்துட்டுப் போயேன். ஒரு பேனாவுக்கு இம்மாந் திமிரா?"

"ஏரி வந்தா எங்க பில்டிங் என்ன ஆகும்?"

"முங்கிப் பூடும். எனுக்கின்னா? என் நெலத்துக்குத் தண்ணி வந்துரும்!"

"ஏரி சுருங்கிப் போனதாலதானே நிலத்தை வித்தீங்க? வித்த காசுலதானே காட்டுப்பாக்கத்துல மாடி வீடு?"

நின்றுவிட்டார். "அடச்சே! அப்ப என் ஊடும் காலியா? வோணாம் நைனா, வுட்ரு."

வீடு திரும்பியதும் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "ஏரியை முழுதாகக் கொண்டுவருகிறேன். அந்த அத்தியாயத்திலிருந்து நம் யாருக்கும் இங்கே வீடு இருந்திருக்காது. சம்மதிப்பவர்கள் வாக்களியுங்கள்."

எல்லோரும் படித்துவிட்டதாக நீலக்குறி விழுந்தது. ஒரு வாக்கும் விழவில்லை. கடைசியில் செயலாளர் எழுதினார்: "தொடர் இத்துடன் நிறுத்தப்படுகிறது."

"நிறுத்துங்கள்," என்று பதில் போட்டேன். "திருத்த மாட்டேன்."